பெரிய விமான நிறுவனங்களுக்கு வெளியே டிஸ்பாட்சர்களுக்கு என்ன வழிகள் உள்ளன?

கேட்டவர்: வட டெக்சஸ்

அனைவருக்கும் வணக்கம். டாலஸ் பகுதியில் வசிக்கிறேன். எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) தரும் டிஸ்பாட்சர், அதாவது தரையிலிருந்து விமானப் பயணத்தைத் திட்டமிட்டுக் கண்காணிப்பவர், சான்றிதழைப் பெற்று, சில ஆண்டுகளாக ஒரு பிராந்திய விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றி வருகிறேன். எங்கள் அறையில் இருக்கும் பெரும்பாலோர் அமெரிக்கன், டெல்டா, யுனைடெட், சவுத்வெஸ்ட் போன்ற நிறுவனங்களில் இடம் திறக்கும் நாளை எதிர்பார்த்தே காலம் தள்ளுகிறார்கள். அமெரிக்கனின் மையம் ஃபோர்ட் வொர்த்திலும் சவுத்வெஸ்டின் மையம் டாலஸிலும் இருப்பதால், "உங்களுக்கென்ன, வீட்டை மாற்றாமலே போய்விடலாம்" என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அங்கே ஓர் இடம் திறந்தால் நாடு முழுவதிலிருந்தும் அனுபவசாலிகளின் விண்ணப்பங்கள் குவிகின்றன. காத்திருப்பதை மட்டுமே தொழில் திட்டமாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தனியார் ஜெட், சார்ட்டர் (வாடகை விமானம்), சரக்கு, ஏர் ஆம்புலன்ஸ் என்று வேறு இடங்கள் இருப்பது பெயரளவில் தெரியும். உள்ளே வேலை எப்படி இருக்கும் என்பது தெரியாது. இன்றைக்கு ஒரு விமானம் புறப்படக் கூடாது என்று நான் கருதினால், அதற்கு ரிலீஸ் (புறப்பாட்டுக்கான எழுத்து அனுமதி) கொடுக்க மறுக்கும் உரிமை எனக்குச் சட்டப்படி இருக்கிறது. அந்த உரிமை அங்கெல்லாம் தொடருமா? சில ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டு மறுபடி விமான நிறுவனத்துக்குத் திரும்ப விரும்பினால் சான்றிதழ் செல்லுமா? என்னிடம் கிரீன் கார்டு உள்ளது, இன்னும் குடியுரிமை பெறவில்லை என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.


பதில்: கொலம்பஸ் இரவுப்பணி

ரிலீஸை மறுக்கும் உரிமை பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான விடை பெரிதும் அதைச் சார்ந்தே இருக்கிறது. விமான நிறுவனங்களுக்கான எஃப்ஏஏ விதித்தொகுப்பான பார்ட் 121-இன் கீழ் அட்டவணைப்படி பறக்கும் உள்நாட்டு, பன்னாட்டுச் சேவைகளில்தான் விமானியும் டிஸ்பாட்சரும் கூட்டுப் பொறுப்பாளிகள். பயணத்தைப் பாதுகாப்பாக முடிக்க முடியும் என்று இருவரும் நம்பினால்தான் ரிலீஸில் கையெழுத்திடலாம். 1935-இல் மிசூரியில் நடந்த டிடபிள்யூஏ நிறுவன விமான விபத்தில் செனட்டர் பிரான்சன் கட்டிங் இறந்ததை அடுத்து எழுந்த விசாரணைகளும், பின்னர் 1938-இல் வந்த சிவில் ஏரோநாட்டிக்ஸ் சட்டமும்தான் இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம். அந்த வட்டத்துக்கு வெளியே காலெடுத்து வைத்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அதே பார்ட் 121-க்குள் சப்ளிமென்டல் எனப்படும் அட்டவணையற்ற சேவைகளில், பொறுப்பு விமானிக்கும் இயக்க இயக்குநருக்கும் உரியது. சார்ட்டர்கள் பறக்கும் பார்ட் 135-இல் இயக்கக் கட்டுப்பாடு (பயணத்தைத் தொடங்கவும் நடத்தவும் முடிக்கவும் உள்ள அதிகாரம்) நிறுவனத்துக்கு உரியது. அதைச் செலுத்த அனுமதி பெற்றவர்கள் யார் யார் என்று பெயரும் பதவியும் குறிப்பிட்டு அந்நிறுவனம் தன் கையேட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். இவ்விரண்டு வகையிலும் உங்கள் சான்றிதழைச் சட்டம் கோரவில்லை.

அதனால் சான்றிதழ் வீண் என்று எண்ண வேண்டாம். வானிலை, எரிபொருள், ஆல்டர்நேட் (மாற்று விமான நிலையம்), விமானத்தின் செயல்திறன் ஆகியவற்றை 200 மணி நேரப் பயிற்சியில் படித்து, எழுத்துத் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் முடித்த ஒருவரைச் சட்டம் கேட்காவிட்டாலும் நிறுவனங்கள் தேடி எடுக்கின்றன. காப்பீட்டாளர்களிடமும் தணிக்கைக்கு வருபவர்களிடமும் அதைக் காட்ட முடிகிறது. ஆனால் 'டிஸ்பாட்சர்' என்ற ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் விளம்பரம் செய்திருந்தால், ஒன்றில் உங்கள் பதவி கையேட்டில் ஏறி, புறப்பாட்டை நிறுத்தும் அதிகாரத்தோடு இருக்கும். மற்றொன்றில் நீங்கள் வாடிக்கையாளருக்குக் கார் ஏற்பாடு செய்துகொண்டு தொலைபேசியில் இருப்பீர்கள். விளம்பரத்தைப் படித்து இந்த வேறுபாட்டை அறிய இயலாது.

நான் இருப்பது ஒவ்வொரு ஜெட்டிலும் பலர் பங்குரிமை வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றில். இவ்வகையில் பெரிய பெயர்களான நெட்ஜெட்ஸ் கொலம்பஸிலும் ஃபிளெக்ஸ்ஜெட் கிளீவ்லாந்துக்கு அருகிலும் இருப்பதால், இத்துறையில் ஓஹையோ மாநிலத்துக்குத் தனி இடம் உண்டு. பிராந்திய நிறுவனத்தில் உங்களுக்குப் பழகிய சில பத்து விமான நிலையங்கள் இருக்கும். இங்கே உரிமையாளர் முந்தைய இரவு அழைத்து எந்த ஊரைச் சொன்னாலும் அதற்குத் திட்டம் போட வேண்டும். கொலராடோவின் ஆஸ்பெனை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 7,800 அடிக்கு மேலே, மலைகளுக்கு நடுவே ஒரே ஓடுபாதை. நிலம் எழும்பும் விதத்தால் பெரும்பாலான ஜெட்கள் ஒரு திசையில் இறங்கி அதன் எதிர்த் திசையில் புறப்படுகின்றன. பின்காற்று சற்றுக் கூடினாலே இறங்குவதா, பக்கத்து ஊருக்குத் திருப்புவதா என்ற கேள்வி வந்துவிடும். நியூயார்க்கிற்கு அருகிலுள்ள டெட்டர்பரோவில் 1,00,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள விமானங்களுக்கு இடமில்லை. வறண்ட ஓடுபாதையின் நீளத்தில் 60 சதவீதத்துக்குள் நின்றுவிட வேண்டும் என்பது பொது விதி. உரிய அனுமதியும் அந்த விமான நிலையத்துக்கான ஆய்வும் இருந்தால் அது 80 சதவீதம் வரை தளர்கிறது. இந்தக் கணக்கை நாள்தோறும் புதிய புதிய ஓடுபாதைகளுக்குப் போட வேண்டியிருப்பதால், விமானச் செயல்திறன் பற்றி நான் விமான நிறுவனத்தில் இருந்தபோது அறிந்ததைவிட இங்கே கற்றது மிகுதி என்று தயங்காமல் சொல்வேன்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். விமான நிறுவன டிஸ்பாட்சர்களுக்குக் கிடைக்கும் ஜம்ப்சீட் சலுகை (விமானி அறையின் கூடுதல் இருக்கையில் பயணிப்பது) இங்கே இல்லை. ஊருக்குப் போக அதை நம்பியிருப்பவர்கள் அந்த இழப்பையும் சம்பளக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.


பதில்: சுழலி

ஏர் ஆம்புலன்ஸ் பற்றி நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். ஹெலிகாப்டர் ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு மையத்தில் ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல் ஸ்பெஷலிஸ்டாக இருக்கிறேன். பார்ட் 135-க்குள்ளேயே சட்டம் பெயர் சொல்லி வரையறுத்த பணி இது என்பதால், மேலே நண்பர் கூறியதற்கு ஓரளவு விதிவிலக்கு.

2008-ஆம் ஆண்டில் இத்துறையில் நேர்ந்த தொடர் விபத்துகளும் உயிரிழப்புகளும் பெரும் கண்டனத்தை எழுப்பின. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு 2014 பிப்ரவரியில் எஃப்ஏஏ புதிய விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, ஏர் ஆம்புலன்ஸ் பணிக்குப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஹெலிகாப்டர்களை வைத்திருக்கும் நிறுவனம் 2016 ஏப்ரல் முதல் கட்டுப்பாட்டு மையம் ஒன்றை நடத்தியாக வேண்டும். அங்கே பணிபுரிபவருக்கு 80 மணி நேரத் தொடக்கப் பயிற்சியும், ஆண்டுதோறும் 40 மணி நேர மறுபயிற்சியும் தேர்வுகளும் கட்டாயம். பணிநேரம் தொடர்ந்து 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. டிஸ்பாட்சர் சான்றிதழ் கட்டாயமில்லை என்றாலும், அது இருப்பவருக்கு வானிலையும் வான்வெளியும் முன்பே தெரிந்திருப்பதால் பயிற்சி எளிதாகிறது.

வேலையின் தன்மை உங்களுக்குப் பழகியதிலிருந்து மிகவும் வேறுபட்டது. நீங்கள் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே ஒரு பயணத்தைத் திட்டமிடுகிறீர்கள்; இங்கே கோரிக்கை வந்து சில நிமிடங்களில் ஹெலிகாப்டர் கிளம்பத் தயாராக நிற்கும். விமானி பூர்த்தி செய்யும் இடர் மதிப்பீட்டுப் படிவத்தை நாங்கள் சரிபார்த்து, வானிலையை எங்கள் பக்கத்திலிருந்தும் பார்த்து, தேதியும் நேரமும் இட்டு எழுத்தில் ஒப்புதலைப் பதிய வேண்டும். தாழ்மேகமும் பனிமூட்டமும்தான் எங்கள் முதல் எதிரிகள். 35,000 அடி உயரத்துக் காற்றை இங்கே யாரும் கேட்பதில்லை. நோயாளி குழந்தையா, முதியவரா, எவ்வளவு மோசமான நிலையில் இருக்கிறார் என்பதை விமானியிடம் சொல்லாமல் வைத்திருப்பது இத்துறையின் நல்ல வழக்கங்களுள் ஒன்று. இரக்கம் வானிலை முடிவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதே காரணம். போவதற்குக் குழுவில் மூவரும் ஒப்ப வேண்டும், வேண்டாம் என்பதற்கு ஒருவர் போதும் என்பது எல்லாத் தளங்களிலும் சொல்லப்படும் வாசகம்.

ஒரு கோரிக்கையை மறுத்த இரவில் அந்த நோயாளி என்ன ஆனார் என்று நமக்குத் தெரியாமலே போய்விடும். இதை எல்லோராலும் தாங்க முடிவதில்லை; சேர்ந்த ஓராண்டுக்குள் விலகிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தாங்கக்கூடியவர் என்றால், உங்கள் மறுப்புக்கு மரியாதை இருக்கிறதா என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இத்துறை தரும் விடை திருப்தியாகவே இருக்கும்.


பதில்: ஹூஸ்டன் பெர்மிட்

ஊரை விட்டுப் போக முடியாது என்று நீங்கள் நேராக எழுதவில்லை. ஆனாலும் டெக்சஸ் மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு துறையைச் சொல்கிறேன். பன்னாட்டுப் பயணம் செய்யும் தனியார் ஜெட்களுக்குத் திட்டமிட்டுக் கொடுக்கும் டிரிப் சப்போர்ட் நிறுவனங்களின் பழைய கோட்டை ஹூஸ்டன். 1959-இல் தொடங்கிய யுனிவர்சல் வெதர் நிறுவனம் இங்கேதான் உள்ளது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும்: எங்களுக்கு இயக்கக் கட்டுப்பாடு கிடையாது. ரூட், எரிபொருள், வான்வழி அனுமதி, தரையிறங்கும் அனுமதி, தரைப்பணி நிறுவனம், ஹோட்டல் வரை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். போவதா வேண்டாமா என்பது விமானியின் முடிவு. நீங்கள் பெரிதாக மதிக்கும் அந்த மறுப்புரிமை இங்கே அறிவுரையாகச் சுருங்கிவிடும். அதற்கு ஈடாகக் கிடைப்பது உலக அறிவு. 2022-இல் ரஷ்ய வான்வெளி அமெரிக்க விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஆசியாவுக்கான வழிகளை ஒரே வாரத்தில் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்குப் போகும் அட்டவணையற்ற விமானத்துக்கு இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ தரும் ஒய்ஏ எண் (அனுமதி எண்) வேண்டும். இறங்கும் இடம் புனே போல விமானப்படைத் தளமாக இருந்தால் படையின் ஒப்புதலும் தனியாக வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் தள்ளியிருப்பதால், புதிதாக வருபவர்கள் அந்த அரை மணியில் தடுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். தமிழோ இந்தியோ தெரிந்தவர் மேசையில் இருந்தால், நள்ளிரவில் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் தரைப்பணியாளரோடு பேசிக் காரியம் முடிப்பது எளிது. இதை விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. சிலர் பெரிய கார்ப்பரேஷன்களின் சொந்த விமானப் பிரிவில் திட்டமிடுபவராகவோ மேலாளராகவோ போகிறார்கள். அங்கே இரண்டு மூன்று விமானங்களுக்கு நீங்கள் ஒருவரே எல்லாமும். வேறு சிலர் ஃப்ளைட் பிளானிங் மென்பொருள் பக்கம் போகிறார்கள். ஜெப்பசன், லுஃப்தான்சா சிஸ்டம்ஸின் லிடோ, ஏர்பஸின் நேவ்புளூ, ஹூஸ்டனிலேயே பிறந்த ஃபோர்ஃப்ளைட் போன்றவற்றில், மென்பொருளைச் சோதிக்கவும் வாடிக்கையாளருக்குப் பயிற்சி தரவும், மேசையில் உட்கார்ந்து வேலை செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு மதிப்பு உண்டு. இரவு ஷிஃப்ட் வாழ்க்கையிலிருந்து வெளியேற விரும்புவோருக்கு எனக்குத் தெரிந்த வழிகளில் இதுவே மிக நேரானது.


பதில்: பழைய ரிலீஸ்

மேலே எழுதியவர்கள் எல்லோரும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பெரிய நிறுவனத்தின் மீது சிறிதாவது ஆசை மீதியிருந்தால் பார்ட் 121-ஐ விட்டுப் போகாதீர்கள் என்பேன். 'பெரிய நிறுவனத்துக்கு வெளியே' என்பதும் 'பார்ட் 121-க்கு வெளியே' என்பதும் ஒன்றல்ல. யூடா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜில் உள்ள ஸ்கைவெஸ்ட், இண்டியானாவில் உள்ள ரிபப்ளிக், மிச்சிகனில் உள்ள காலிட்டா சரக்கு நிறுவனம், துல்சாவில் உள்ள ஆம்னி சார்ட்டர் நிறுவனம் ஆகியவை எல்லாம் 121-க்குள்தான் இருக்கின்றன. பின்னிரண்டு போன்ற இடங்களில் பெரும்பகுதி வேலை சப்ளிமென்டல் விதிப்படி நடந்தாலும், அகல உடல் விமானங்களோடும் கடல் கடந்த வழிகளோடும் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தங்களோடும் பழகக் கிடைப்பது, பின்னாளில் பன்னாட்டு மேசைக்கு விண்ணப்பிக்கும்போது நேரடியாகப் பேசும். பெரிய சரக்கு நிறுவனங்களான மெம்ஃபிஸின் ஃபெட்எக்ஸும் லூயிவிலின் யுபிஎஸும் எடுக்கும் ஆட்கள் மிகக் குறைவு. அவற்றைப் பயணிகள் சேவையின் பெரிய நிறுவனங்களுக்கு நிகராகவே எண்ண வேண்டும்.

சான்றிதழ் காலாவதியாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. நீங்களே ஒப்படைத்தாலோ, எஃப்ஏஏ இடைநிறுத்தினாலோ ரத்து செய்தாலோ தவிர அது நிலைக்கும். திரும்பி வரும்போது புதிய நிறுவனம் தொடக்கப் பயிற்சியும் திறன் சோதனையும் கொடுத்துத்தான் மேசையில் உட்கார வைக்கும். ஒரு விமான நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் இதே நடைமுறைதான். ஆகவே தடை சட்டத்தில் இல்லை, விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் முறையில் இருக்கிறது. அண்மைக்கால 121 அனுபவம் என்ற கட்டம் காலியாக இருந்தால் முதல் சுற்றிலேயே ஒதுக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. மேலும், பணிமூப்பு என்பது நீங்கள் சேரும் நாளிலிருந்துதான் தொடங்கும். ஷிஃப்டும் விடுமுறையும் அதன்படியே அமையும். வெளியே கழியும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டியலில் உங்களுக்கு முன்னால் இன்னும் சிலரைச் சேர்க்கிறது.

டாலஸிலேயே இருப்பதால் ஜேஎஸ்எக்ஸ் நிறுவனத்தையும் நினைத்துப் பார்த்திருப்பீர்கள். முப்பது இருக்கை கொண்ட ஜெட்களில், பொதுச் சார்ட்டர் விதியின் கீழ் இருக்கைகளைத் தனித்தனியாக விற்று, பார்ட் 135-இன் கீழ் பறக்கும் அமைப்பு அது. இவ்வகைச் சேவைகளைப் பார்ட் 121-க்குள் கொண்டுவரலாமா என்று 2023-இல் எஃப்ஏஏ பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அது எப்படி முடியும் என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. ஆனால் பழைய நிகழ்வு ஒன்றை நினைவூட்டலாம். 1995 டிசம்பரில் வந்த விதி, பத்து முதல் முப்பது இருக்கை கொண்ட அட்டவணைச் சேவை விமானங்களைப் பார்ட் 135-இலிருந்து 121-க்கு மாற்றியது. 1997 மார்ச்சுக்குள் அந்தச் சிறு நிறுவனங்கள் எல்லாம் டிஸ்பாட்சர்களை வைத்தாக வேண்டியதாயிற்று. விதி மாறும் நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு அது தரும் வாய்ப்பு சிறியதல்ல.

அரசுப் பணியைப் பற்றி ஒரு வரி. டிஸ்பாட்ச் துறைக்கென்றே எஃப்ஏஏவில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் உண்டு. அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதால் இப்போதைக்கு அதை ஒதுக்கி வையுங்கள். டிஸ்பாட்ச் பள்ளிகளில் கற்பிப்பதற்கு அந்தத் தடை இல்லை. டாலஸ் பகுதியில் அத்தகைய பள்ளிகள் இருப்பதால், இப்போதைய வேலையை விடாமலே பகுதிநேரமாகத் தொடங்கலாம்.


கேட்டவர்: வட டெக்சஸ்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. 'பழைய ரிலீஸ்' ஐயா சொன்ன பணிமூப்புக் கணக்கை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. குடியுரிமைக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவேன் என்பதால், ஆய்வாளர் பணியை முழுவதும் மறந்துவிடப் போவதில்லை. ஏர் ஆம்புலன்ஸ் பணி என்னை ஈர்க்கிறது. அந்த இரவுகளைத் தாங்குவேனா என்பதைத்தான் நேர்மையாக யோசிக்க வேண்டும்.

ஒரு கேள்வி மட்டும் மீதியிருக்கிறது. ஒரு சார்ட்டர் நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து அறிய முடியாது என்று கொலம்பஸ் நண்பர் எழுதியிருந்தார். நேர்காணலில் எதைக் கேட்டால் அறிய முடியும்?


பதில்: கொலம்பஸ் இரவுப்பணி

நிறுவனத்துக்கு எஃப்ஏஏ வழங்கும் ஆபரேஷன்ஸ் ஸ்பெசிஃபிகேஷன்ஸ் ஆவணத்தில் ஏ008 என்ற பத்தி இயக்கக் கட்டுப்பாட்டைப் பற்றியது. அதையும் பொதுக் கையேட்டில் அதற்கு இணையான பகுதியையும் குறிப்பிட்டு, "நான் அமரப்போகும் பதவி அந்தப் பட்டியலில் இருக்கிறதா?" என்று பணிவாகக் கேளுங்கள். உங்களை நேர்காணல் செய்பவர் அந்த இலக்கத்தைக் கேட்டு விழித்தால் அதுவும் ஒரு விடைதான். நீங்கள் ஒரு புறப்பாட்டை நிறுத்தி, விமானி போகலாம் என்று சொன்னால் அந்த இரவில் யாருக்கு அழைப்பு போகும், அவருடைய சம்பளம் விற்பனையைச் சார்ந்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள். விற்பனைப் பிரிவின் தலைவரே இயக்கப் பிரிவையும் பார்த்துக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் உண்டு. அங்கே உங்கள் மறுப்புக்கு ஒரு வாரம்கூட ஆயுள் இருக்காது.

அடுத்து, பணிநேரம். டிஸ்பாட்சர் 10 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பணியாற்றக் கூடாது என்பதும், ஏழு நாளில் ஒரு நாள் முழு ஓய்வு என்பதும் பார்ட் 121-இன் விதிகள். சார்ட்டர் நிறுவனத்தில் உங்கள் பதவிக்கு அவை பொருந்தாது. 12 மணி நேர ஷிஃப்ட் அங்கே சாதாரணம். அந்த ஷிஃப்டில் எத்தனை விமானங்கள் உங்கள் பொறுப்பில் இருக்கும், நீங்கள் உணவுக்கு எழுந்தால் மேசையில் யார் உட்காருவார் என்று கேளுங்கள். இரவில் ஒரே ஆள்தான் என்றால், பழுது நீக்கும் பிரிவின் தொலைபேசியும் வாடிக்கையாளர் தொலைபேசியும் உங்களிடமே வரும் என்று பொருள்.

நேர்காணலுக்கு முன் உங்கள் விண்ணப்பத்தில் ஒரு திருத்தம் செய்யுங்கள். எத்தனை ரிலீஸ் கொடுத்தீர்கள் என்ற எண்ணிக்கை சார்ட்டர் நிறுவனத்தாரை அசைக்காது. இடிமழை நாளில் திருப்பிவிட்ட விமானங்களுக்கு எரிபொருளும் பணிக்குழுவின் மீதி நேரமும் எப்படிக் கணக்கிட்டு மறுபடி புறப்பட வைத்தீர்கள் என்பதை நான்கு வரியில் எழுதுங்கள். அவர்களுடைய அன்றாட வேலையே அதுதான்.